ஊர் வீட்டில் மூன்று வருடமாக ஓடும் பிரஷர் மெஷின்

வீட்டில் பிரஷர், அதாவது ரத்த அழுத்தம், பார்க்கிற மெஷின் வாங்கலாமா என்று கேட்டு வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதீர்கள், மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற மெஷினாக வாங்குங்கள், பெட்டியோடு வருகிற பட்டை உங்கள் வீட்டில் எல்லார் கைக்கும் சரியாக இருக்குமா என்று பாருங்கள், அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று வருடம் கழித்து யோசித்தால் அந்த நோட்டுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, நான் வாங்கிய மாடல் இப்போது வருவதும் இல்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் எந்தப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை.

வாங்கிய கதை இது. என் சித்தப்பாவுக்கு அப்போது 54 வயது. கிராமத்தில் இருக்கிறார், உடல் உழைப்பு, தொப்பை கிடையாது, நாங்கள் எல்லாரும் இவருக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாய்வு என்று சொல்லி வெந்நீர் கொடுத்தார்கள், சற்று நேரம் படுக்கவைத்தார்கள், அப்புறம் வண்டி தேடினார்கள், வண்டி கிடைத்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் இதயத்தில் ஒரு பகுதி போய்விட்டது, இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவருக்கு பிரஷர் எத்தனை வருடமாக இருக்கிறது?" சித்தி என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவர் கையில் அதுவரை யாருமே பட்டை கட்டிப் பார்த்ததில்லை. ஊருக்கு வந்த அடுத்த வாரம் மெஷின் வாங்கினேன்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு மாரடைப்பு வராது என்று ஒரு நம்பிக்கை நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. வாங்கியதற்கு அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்த பியூர் என்ற ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. நகரத்தில் இருப்பவர்களுக்குத்தான் பிரஷர், கொழுப்பு, எடை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆபத்துக் காரணிகள் அதிகம், ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் கிராமத்தில்தான் அதிகம் வந்திருக்கின்றன. வந்தவர்களில் இறந்தவர்களும் கிராமத்தில்தான் அதிகம், நூற்றுக்குப் 17 பேர், நகரத்தில் 13, 14 பேர். ஆபத்து குறைவாக இருந்தும் சாவு அதிகம். இதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவைக் கொண்டுபோன அந்த மூன்று மணி நேரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் குறைந்த ஆபத்தும் இப்போது குறைவாக இல்லை என்பது அடுத்த சங்கதி. 2019-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பில், 1985 முதல் 2017 வரை உலகத்தில் மனிதர்களின் உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற கணக்கு) கூடியதில் பாதிக்கு மேல், 55 சதவீதத்துக்கும் மேல், கிராமங்களில் எடை கூடியதால் வந்தது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். யோசித்தால் ஆச்சரியமே இல்லை. என் அப்பா நடந்து போன தூரத்துக்கு இப்போது எல்லாரும் இரண்டு சக்கர வண்டியில் போகிறார்கள். தண்ணீர் இறைக்க மோட்டார், அறுக்க மெஷின். யாரும் தப்பு செய்யவில்லை, உழைப்பு சுலபமானது நல்லதுதான். ஆனால் உடம்புக்கு இருந்த வேலை போனதற்கு ஏற்றபடி சாப்பாட்டையும் உப்பையும் குறைக்க வேண்டும் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

முதலில் நான் வாங்கியது மணிக்கட்டில் கட்டுவது. சின்னது, சட்டையை மடிக்க வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று வாங்கினேன். பத்து நாளில் வெறுத்துப்போயிற்று. அப்பா கையை மடியில் வைத்தால் ஒரு எண், மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வேறு எண், இரண்டுக்கும் நடுவே பதினைந்து இருபது வித்தியாசம். மெஷினைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் இதற்குக் காரணம் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், கீழே இறங்கினால் எண் கூடும், மேலே ஏறினால் குறையும், மணிக்கட்டு என்பது எங்கே வேண்டுமானாலும் போகிற இடம். வீட்டில் யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க முடியாத வயதானவர்களுக்கு அது சரிப்படாது. மேல்கைப் பட்டை சுற்ற முடியாத அளவுக்குப் பருமனான கை உள்ளவர்களுக்கு வேண்டுமானால் டாக்டரைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்து வாங்கியதுதான் இப்போது இருப்பது. இந்த மெஷின்கள் எப்படி வேலை செய்கின்றன என்று எனக்குத் தெரியாமல் இருந்தது, தெரிந்துகொண்ட அப்புறம் வாங்கும் விதமே மாறிவிட்டது. டாக்டர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு சத்தம் கேட்டு அளக்கிற முறை 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்னது. வீட்டு மெஷின் சத்தம் கேட்பதில்லை. பட்டையில் காற்று நிரம்பி ரத்தக்குழாயை அமுக்குகிறது, பிறகு மெதுவாகக் காற்றை விடும்போது குழாயின் துடிப்பு பட்டையில் லேசாக அதிர்கிறது, அந்த அதிர்வு எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று பார்த்து, அதிலிருந்து மேல் அளவையும் (இதயம் சுருங்கும்போது இருக்கிற அழுத்தம்) கீழ் அளவையும் (இதயம் தளரும்போது இருக்கிற அழுத்தம்) கணக்குப் போட்டுச் சொல்கிறது. கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொன்று, வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் அந்தக் கணக்கை யாராவது மனிதர்கள் மேல் வைத்துச் சரிபார்த்திருக்கிறார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. அதற்கு உலகப் பொது விதி ஒன்று இருக்கிறது. 85 பேருக்காவது காதால் கேட்டு அளந்ததோடு ஒப்பிட்டு, சராசரி வித்தியாசம் 5-க்குள் இருந்தால்தான் தேறும். தேறிய மாடல்களை ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளம் பட்டியலாகப் போட்டிருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். கடையில் நிற்கும்போதே கைப்பேசியில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ப்ளூடூத், பேசும் குரல், வண்ணத் திரை எல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் மெஷினில் ஒரே ஒரு பெரிய பொத்தான்தான். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. எண்கள் பெரிதாகத் தெரியும், கண்ணாடி போடாமலே அப்பா படித்துவிடுவார். இரண்டு பேருக்குத் தனித்தனியே அறுபது அறுபது அளவுகளைச் சேர்த்து வைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது, ஆனால் அது எங்களுக்கு உதவவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வாங்கிய முதல் வாரம் அப்பா ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தார். காலையில் எழுந்தவுடன் ஒன்று, 158 வந்தால் பயந்து உடனே இன்னொன்று, அது 164, அப்புறம் யாரிடமாவது சத்தமாகப் பேசிக்கொண்டே ஒன்று. எனக்குப் போன் போட்டு, "தம்பி, மெஷின் கெட்டுப்போச்சு, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு காட்டுது" என்றார். மெஷின் கெடவில்லை. ரத்த அழுத்தம் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது, நாம்தான் அதை ஒரே எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ஏழு நாள், காலையில் (மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதற்கு முன்) இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி. வீட்டில் எடுக்கிற சராசரி 135-க்கு 85-ஐத் தாண்டினால் பிரஷர் இருக்கிறது என்று கணக்கு, ஆஸ்பத்திரியில் என்றால் 140-க்கு 90. அப்பாவின் சராசரி 152-க்கு 91 வந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள்.

எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு மெஷினோடு வந்த தாளில் படம் இருந்தது, ஆனால் அதை யாரும் பிரிக்கவே இல்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் போடக்கூடாது, கை ஒரு மேஜைமேல் மார்பு உயரத்தில், முன்னால் அரை மணி நேரம் காபி, டீ, புகை கூடாது, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது, பேசவே கூடாது. கையைத் தொங்கப் போட்டால் மட்டும் மேல் அளவு ஆறு ஏழு கூடுதலாகக் காட்டும் என்று 2024-ல் வந்த ஒரு சோதனையில் பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி மெஷின் வைக்கும் அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். நிறுவனங்கள் இதைப் பெட்டி மூடியின் உள்பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இனி பட்டை. இதில் நான் கோபமாக எழுதப் போகிறேன். பெட்டியோடு வந்த பட்டை நடுத்தர அளவு. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நல்ல பருமனான கை, பட்டையைச் சுற்றினால் ஒட்டும் இடம் பாதிதான் ஒட்டும், காற்று ஏறும்போது படக்கென்று பிரிந்துவிடும். இழுத்துப் பிடித்துப் பார்த்தால் 154 காட்டியது. அவர் ஒரு மாதம் கவலையில் இருந்தார். பெரிய பட்டை தனியாக வாங்கிப் போட்டபோது அதே நாள், அதே நாற்காலியில் 141. அமெரிக்காவில் 2023-ல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிற கைக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் அளவு கிட்டத்தட்ட இருபது கூடுதலாகக் காட்டியதாம். இல்லாத நோய்க்கு மாத்திரை சாப்பிட இது போதும். அம்மா மாதிரி ஒல்லியான கைக்கு எதிர்ப்பக்கம் நடக்கும், இருப்பதைக் குறைத்துக் காட்டும். மேல்கையின் நடுவில் அளவு நாடாவைச் சுற்றிச் சென்டிமீட்டர் பாருங்கள், பட்டையின் மேலேயே எந்த அளவிலிருந்து எந்த அளவு வரைக்கும் என்று எழுதியிருக்கும். நான் வாங்கிய இடத்தில் பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்டபோது, இதுவே எல்லாருக்கும் சரியாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். சரியாக இல்லை. வேறு இடத்தில் தேடி, வரவழைத்து, கைக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று.

இப்போது நோட்டுக் கதை. அப்பாவுக்குப் பார்ப்பதை எதிர் வீட்டுப் பெரியம்மா பார்த்தார், எனக்கும் பார் என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஆறு மாதத்துக்குள் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இரண்டு பேர் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளும் மெஷினின் ஞாபகம் எங்களுக்கு உதவவில்லை, யார் எண் யாருடையது என்று குழம்பிப்போயிற்று. அம்மா ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, தேதி, மேல் அளவு, கீழ் அளவு, நாடி, மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். அம்மா எட்டாவது வரை படித்தவர். அந்த நோட்டைப் பார்த்த டாக்டர் இதை எனக்கு நகல் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டார்.

ஒரு நாள் எண்ணைப் பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டு வருடப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தால் ஒரு ஆளின் வாழ்க்கையே தெரிகிறது. பெரியம்மாவின் பக்கத்தில் நான்கு மாதம் 128, 130, 126 என்று அழகாகப் போகும், அப்புறம் "சரியாகிவிட்டது என்று மாத்திரை நிறுத்தம்" என்று அம்மா எழுதியிருப்பார், அடுத்த மூன்றாவது வாரம் 148, அதற்கடுத்தது 160. இதே மாதிரி நோட்டில் ஆறு பேர் பக்கத்தில் நடந்திருக்கிறது. எண் சரியாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதை நான் எத்தனையோ தடவை வாயால் சொல்லியும் நம்பாதவர்கள், தங்கள் சொந்தப் பக்கத்தில் தங்கள் எண் ஏறியதைப் பார்த்தவுடன் நம்பினார்கள். இன்னொருவர் பக்கத்தில் வேறு விஷயம், குளிர் மாதங்களில் எண் ஏறி வெயிலில் இறங்குகிறது. இது உண்மையிலேயே உடம்பில் நடப்பதுதான், குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். அவர் வெயில் காலத்தில் தலை சுற்றுகிறது என்று வந்தபோது, டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவைக் குறைத்தார். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

ஃபிரமிங்ஹாம் என்ற ஊரின் பெயரை இதயத்தைப் பற்றிப் படிக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கிற அந்த ஊரில் 1948-ல் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதே ஆட்களையே கூப்பிட்டுக் கூப்பிட்டு அளந்தார்கள். பிரஷர், கொழுப்பு, புகை இவையெல்லாம் மாரடைப்புக்கு முன்னாலேயே வந்து நிற்கின்றன என்று உலகத்துக்குப் புரிந்ததில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு, ஆபத்துக் காரணி என்ற சொல்லே 1961-ல் அவர்கள் எழுதியதிலிருந்துதான் பரவியது. அவர்கள் செய்ததின் அடிப்படை, அதே ஆளை விடாமல் திரும்பத் திரும்ப அளந்து எழுதிவைத்ததுதான். அம்மாவின் நோட்டை ஆராய்ச்சி என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதே பொறுமை அதில் இருக்கிறது.

ஒரு பாட்டி. வயது எழுபதைத் தாண்டியது. அவருக்கு மட்டும் மெஷின் திரும்பத் திரும்பப் பிழை காட்டியது, அல்லது மூன்று தடவை பார்த்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வந்தது. திரையின் ஓரத்தில் இதயப் படம் ஒன்று மின்னிக்கொண்டே இருந்தது. நாங்கள் பேட்டரி மாற்றினோம், பட்டை மாற்றினோம். அப்புறம்தான் தாளைப் பிரித்துப் பார்த்தோம், நாடித் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் அந்தப் படம் வரும் என்று இருந்தது. மறுநாளே கூட்டிக்கொண்டு போய் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கு தப்பித் துடிக்கிற நோய், அதில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வர வாய்ப்பு அதிகம். உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள், பாட்டி இன்றும் சனிக்கிழமை வருகிறார். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மாதிரி மெஷினின் எண்ணை அப்படியே நம்ப முடியாது, மூன்று தடவையாவது எடுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் அந்தச் சின்னப் படத்தை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள்.

மெஷினுக்குத் தெரியாததையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே அதில் ஏமாந்தோம். ஒரு வருடத்தில் அப்பாவின் சராசரி 126-க்கு 78 ஆனது. அவர் நிம்மதியாகிவிட்டார், நாங்களும்தான். ஆனால் அந்த ஒரு வருடமும் அவர் தினம் பத்து சிகரெட்டை விடவில்லை. நோட்டில் அதற்குக் கோடு இல்லை. மெஷின் பச்சை விளக்குக் காட்டும்போது இதயத்துக்கே பச்சை விளக்குக் காட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது, ஆனால் அது பார்ப்பது ஒரே ஒரு வாசலைத்தான். 2004-ல் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் ஒன்பது காரணங்களால் விளக்கிவிடலாம் என்று காட்டினார்கள்: கெட்ட கொழுப்பு, புகை, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சேர்க்காதது, உடற்பயிற்சி இல்லாதது, மது (இதில் மட்டும் அந்த ஆய்வில் அளவாகக் குடித்தவர்களுக்கு ஆபத்து சற்றுக் குறைவாகத்தான் வந்தது). இந்த ஒன்பதில் மெஷினுக்குத் தெரிவது ஒன்று.

அதற்கு அப்புறம்தான் அம்மா நோட்டில் இரண்டு கோடுகள் சேர்த்தார். ஒன்று புகை, அல்லது வாயில் போடும் புகையிலை. இன்னொன்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடையும் இடுப்புச் சுற்றளவும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் புதுப்பித்த ஆபத்து அட்டவணையில் ரத்தப் பரிசோதனை இல்லாமலே பார்க்கிற ஒரு வகை இருக்கிறது, வயது, ஆணா பெண்ணா, புகை, மேல் பிரஷர், உடல் எடைக் குறியீடு, இந்த ஐந்தை வைத்து அடுத்த பத்து வருடத்தில் எவ்வளவு ஆபத்து என்று வண்ணத்தில் காட்டும். பரிசோதனைக் கூடம் தூரமாக இருக்கிற இடங்களுக்கென்றே செய்தது. அதைக் காட்டியபோது அப்பா தன் வயதுக் கட்டத்தில் விரலை வைத்து, புகைப்பவர் பக்கத்திலிருந்து புகைக்காதவர் பக்கத்துக்கு நகர்த்தி, நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கே விட்டார் என்று எழுத ஆசைதான். விடவில்லை. அடுத்த எட்டு மாதத்தில் பத்து ஐந்தானது, ஐந்து இரண்டானது, போன வருடம் நோட்டில் முதல் தடவையாகச் சைபர் என்று எழுதினார். அதை அவரே எழுதினார், அம்மாவிடம் பேனாவை வாங்கி. நிறுத்தி ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்தில் புகையால் கூடியது பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மெஷின் ஒன்று வந்துவிட்டதால் ஒரு ஊர் மாறிவிடாது. மாறிய இடங்களைப் பற்றிப் படித்தபோது எல்லாவற்றிலும் கருவியை விட ஆட்கள்தான் தெரிகிறார்கள். பின்லாந்தில் வட கரேலியா என்ற பகுதி, காடும் பண்ணையும் நிறைந்த கிராமப் பிரதேசம், 1970 வாக்கில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் சாவது உலகத்திலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று. அந்த மக்களே அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்து, 1972-ல் திட்டம் ஆரம்பித்தது. பொறுப்பை ஏற்ற பெக்கா புஸ்கா அப்போது இளம் மருத்துவர், முப்பது வயது ஆகவில்லை. வெண்ணெயைக் குறைப்பது, உப்பைக் குறைப்பது, புகையை விடுவது, பிரஷர் உள்ளவர்களைக் கண்டுபிடித்து நர்ஸ்கள் விடாமல் பார்ப்பது, வீட்டுப் பெண்கள் சங்கங்களைக் கூட்டிச் சமையலையே மாற்றுவது. அங்கே 1972-ல் நடுத்தர வயது ஆண்களில் 52 சதவீதம் பேர் புகைத்தார்கள், 1997-ல் அது 31. வேலை செய்கிற வயது ஆண்கள் இதய நோயில் இறப்பது நாற்பது வருடத்தில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. தனி ஒரு மருந்தால் அல்ல.

அதைவிட எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது 2020-ல் வந்த கோப்ரா சோதனை. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றின் கிராமங்களில் 2,645 பேர். ஊரிலேயே இருக்கிற சுகாதாரப் பணியாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே போய் டிஜிட்டல் மெஷினில் பிரஷர் பார்த்து, பேசி, கூடினால் டாக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களை விட மேல் அளவு ஐந்து கூடுதலாகக் குறைந்தது. ஐந்து என்பது கேட்கச் சின்னது, ஆனால் மேல் அளவு ஐந்து குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பத்தில் ஒன்று குறையும் என்று லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2021-ல் வந்திருக்கிறது. சீனாவில் 326 கிராமங்களில் கிராம வைத்தியர்களே பிரஷரைக் கட்டுப்படுத்திய சோதனையில் மூன்று வருடத்தில் இதய, பக்கவாத நோய்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இதைச் செய்தவர்கள் அந்தந்த ஊரில் பெயர் தெரிந்த ஆட்கள். பட்டையைச் சுற்றுகிற கை தெரிந்த கையாக இருந்தால் அடுத்த வாரமும் வருகிறார்கள், இதை நான் வாசலில் நேரிலேயே பார்க்கிறேன்.

மெஷின் எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு வருகிறேன். வாரத்துக்குப் பதினைந்து பேர், ஆளுக்கு இரண்டு தடவை என்றால் மூன்று வருடத்தில் நாலாயிரம் தடவைக்கு மேல் ஓடியிருக்கிறது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டைதான் போனது, இரண்டாவது வருடத்திலேயே ஒட்டும் நாடாவில் நூல் பிரிந்து பிடிப்பு விட்டுப்போனது, காற்றுக் குழாய் மெஷினில் சொருகும் இடத்தில் வெடித்தது. குழாய் வெடித்தது உடனே தெரியவில்லை, காற்று மெல்லக் கசிந்து பிழை காட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. உதிரிப் பட்டை கிடைக்கிற மாடலாக வாங்குவது ரொம்ப முக்கியம், கிடைக்காவிட்டால் நல்ல மெஷின் அலமாரியில் தூங்கும். பேட்டரி நான்கு, இவ்வளவு பேர் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது, பேட்டரி இறங்கும்போது காற்று ஏறுவது மெதுவாகும், மின் இணைப்பு வயரோடு வருகிறதா என்று பார்த்து வாங்கினால் செலவு மிச்சம், கரண்ட் போனால் மட்டும் பேட்டரி. வருடத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் எடுத்துப்போய் அவர் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம், இதுவரை நான்கைத் தாண்டி வித்தியாசம் வந்ததில்லை.

எங்கள் மெஷினுக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது பட்டைக்காக. யாருக்கு வேண்டாம் என்று கேட்டால், எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு வேண்டாம், அவர்கள் மாதம் ஒரு முறை வேறு யாரிடமாவது போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கு வாங்குவதென்றால் கர்ப்பிணிகள் மேல் வைத்துச் சரிபார்த்த மாடல் தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். மெஷினில் 180-க்கு 120-ஐத் தாண்டிக் காட்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் எது இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள். எண் சரியாக இருந்தாலும் நெஞ்சு வலி என்றால் அதேதான், மாரடைப்பு வரும்போது பிரஷர் சாதாரணமாகவும் இருக்கும், குறைவாகவும் இருக்கும்.

போன மாதம் பழைய பட்டை முழுவதும் போய்ப் புதுப் பட்டை வர பத்து நாள் ஆயிற்று. அந்த இரண்டு சனிக்கிழமையும் மெஷின் இல்லை என்று தெரிந்தும் ஆட்கள் வந்தார்களாம். வந்து உட்கார்ந்து, மாத்திரை சாப்பிட்டதை மட்டுமாவது எழுதிக்கொள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களில் மேல் அளவு, கீழ் அளவுக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன, மாத்திரைக் கட்டத்தில் எல்லார் பெயருக்கும் நேரே டிக் இருக்கிறது, சித்தப்பா பெயருக்கும்.